ஆமையும் அமீனாவும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். இந்த இரண்டு பேரையும் ஒரே பழமொழிக்குள் கட்டிப்போட்ட புண்ணியவான் யாரோ, தெரியாது. ஆனால் அவரே எதிர்பாராத ஒரு வேடிக்கை நம் காலத்தில் நடந்திருக்கிறது. ஆமையின் வீட்டுக்குள்ளேயே அமீனா புகுந்துவிட்டார்! ஆமையின் வீடு கடல். அமீனா என்பது சட்டம். உள்நாட்டுச் சட்டம், மாநிலச் சட்டம், சர்வதேச ஒப்பந்தம், உலக வர்த்தக வழக்கு என்று இத்தனை அமீனாக்கள் வேறு எந்தப் பிராணியைச் சுற்றியும் நிற்பது அபூர்வம்.

இத்தனை பேர் காவல் நின்றும் ஆமை உருப்பட்டதா, இல்லையா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நடுநிசியில் ஒரு விருந்தாளி

மாசி மாதத்து இரவு ஒன்றில், ஆமை தேடிச் செல்லும் மாணவர்களோடு சென்னைக் கடற்கரையில் நாமும் நடந்தோம். நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. கையில் விளக்கு கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஈர மணலில் கால் புதைய நாலு மைல் நடந்தும் நண்டைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. இனித் திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லிய நேரத்தில், முன்னால் போன பையன் சட்டென்று நின்று கையை உயர்த்தினான்.

கடலிலிருந்து மேட்டை நோக்கி, டிராக்டர் சக்கரம் உருண்டது போல ஒரு தடம். தடத்தின் முடிவில், இரண்டடி நீளத்தில் ஓர் ஆமை. பின்னங் கால்களை அகப்பை போல வளைத்து மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டுக் கொண்டிருந்தது. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி முடித்ததும், பிங்பாங் பந்து போன்ற வெள்ளை முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழத் தொடங்கின. நூற்றுக்கும் மேல் இருக்கும். பிறகு மணலைத் தள்ளிக் குழியை மூடியது. உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மேடு தட்டியது. திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

கோழி ஒரு முட்டையிட்டு ஊரைக் கூட்டும். ஆமையோ நூறு முட்டையிட்டும் மூச்சுக் காட்டாது என்று பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல.

பொழுது விடிந்து அதே வழியில் திரும்பி வந்தபோது இன்னொரு ஆமையைக் கண்டோம். அலை ஒதுக்கிய குப்பையோடு கிடந்தது. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. மேலே காயம் இல்லை. "வலையில் மூச்சு முட்டிச் செத்தது" என்றான் பையன். வயிற்றில் முட்டைகள் இருந்திருக்கும்.

இரவில் கண்டதும் காலையில் கண்டதும் ஒரே கடற்கரையில், சில மணி நேர இடைவெளியில். கரையில் முட்டைக்குக் காவல் இருக்கிறது. கடலில் தாய்க்குக் காவல் இல்லை. கடலாமைச் சட்டங்களின் ஐம்பது ஆண்டுக் கதையை இந்த இரண்டு காட்சிகளுமே சொல்லிவிடுகின்றன.

ஐந்து ஜாதி ஆமைகள்

உலகில் கடலாமை வகைகள் மொத்தம் 7. அவற்றில் 5 நம் கடலுக்கு வருகின்றன. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை என்பன அவை. சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமைதான். அதைச் சிற்றாமை என்றும் சொல்வார்கள். 'ஆலிவ் ரிட்லி' என்று விஞ்ஞானிகள் அழைப்பது இதையே.

கடலாமை தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் மீன் அல்ல. அதற்கு நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டும். முட்டையிடக் கரைக்கு வந்தே தீரவேண்டும். இந்த இரண்டு கட்டாயங்களும்தான் அதன் உயிருக்கு எமன்.

முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 55 நாட்கள் ஆகின்றன. உள்ளே இருக்கும் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம். வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். பொரித்த குஞ்சுகளில் வளர்ந்து ஆளாவது ஆயிரத்துக்கு ஒன்று என்பது கணக்கு. அப்படி ஆளாவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆகவே முட்டையிட வந்த ஒரு தாய் வலையில் மாண்டால், போனது ஓர் உயிர் மட்டுமல்ல. ஆயிரம் குஞ்சுகளில் தப்பிப் பிழைத்த ஒன்று போய்விட்டது என்று பொருள்.

கவிழ்த்துப் போட்ட காலம்

இன்று கடலாமையைச் சந்தையில் யாரும் விற்பதில்லை. ஆனால் இது நீண்ட நாள் வழக்கம் அல்ல. தூத்துக்குடியில் பேராமையின் இறைச்சி பகிரங்கமாக விற்பனையானது. ஆமை இரத்தம் உடம்புக்குப் பலம் என்று நம்பி, அறுத்த இடத்திலேயே வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக் ஜலசந்தியிலும் பிடித்த ஆமைகளைக் கடலோரப் பட்டிகளில் உயிரோடு அடைத்து வைத்து, இலங்கைக்கு ஏற்றி அனுப்பிய வியாபாரமும் நடந்தது. ஆமையைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. மல்லாக்கக் கவிழ்த்துப் போட்டால் போதும். அது அங்கேயே கிடக்கும்.

சென்னையில் முட்டைக்குத்தான் கிராக்கி. நாயும் நரியும் விட்டதை மனிதர் எடுத்துக் கொண்டார்கள்.

ஒரிசாக் கரையில் நடந்தது இன்னும் பெரிய வியாபாரம். அங்கே முட்டை எடுக்கப் படகுகளுக்கு அரசாங்கமே உரிமம் கொடுத்தது. ஆமைகள் லாரியிலும் ரயிலிலும் கல்கத்தாவுக்குப் போயின. அந்தக் கரையில் கஹிர்மாதா என்ற இடத்தில், ஒரே சமயத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன என்ற செய்தி 1974-ல்தான் வெளி உலக விஞ்ஞானிகளுக்குத் தெரிய வந்தது. இந்தக் கூட்டு வருகையை 'அரிபாதா' என்கிறார்கள். 'வருகை' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. உலகில் இத்தகைய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சட்டம் வந்தது

1972-ல் பாராளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் கடலுக்கு வரும் 5 ஆமை வகைகளும் அதன் முதல் அட்டவணையில் இடம் பெற்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அந்தஸ்து! ஆமையைக் கொல்வதும், முட்டையை எடுப்பதும், இறைச்சியை விற்பதும் குற்றமாயின. இன்று இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறைத் தண்டனை. 2022-ம் ஆண்டுத் திருத்தத்தில் குறைந்தபட்ச அபராதமும் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது.

எழுதி வைத்த சட்டம் தானாக நடந்து போய் யாரையும் பிடிக்காது. ஒரிசாவில் ஆமை வியாபாரம் ஓயவில்லை என்ற புகார்கள் டில்லிக்குப் போய்க் கொண்டிருந்தன. 1980-களின் தொடக்கத்தில் பிரதமர் இந்திரா காந்தி இதில் நேரடியாகத் தலையிட்டார். கடலோரக் காவல் படையின் கப்பல்கள் ஆமைக்குக் காவலாகப் புறப்பட்டன. பகைவரை விரட்ட ஏற்பட்ட படை ஆமைக்குப் பாராக் கொடுப்பதா என்று சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் 'ஆபரேஷன் ஒலிவியா' என்ற பெயரில் அந்தக் காவல் ஆண்டுதோறும் தொடர்கிறது.

1997-ல் கஹிர்மாதாவைச் சுற்றி 1,435 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல் சரணாலயம் ஆயிற்று. தேவி, ருசிகுல்யா, தம்ரா ஆற்று முகங்களில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மே 31 வரை, கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் மீன் பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது.

இன்னொரு சுவையான செய்தி. கஹிர்மாதாவுக்கு அருகில்தான் நம் ராமேசுவரத்துக்காரர் பெயரைத் தாங்கிய அப்துல் கலாம் தீவு இருக்கிறது. ஏவுகணைகளைச் சோதிக்கும் இடம் அது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகளுக்காக அங்கே சோதனைகளை நிறுத்தி வைக்க முடிவு செய்யப்பட்டது. ஆமை முட்டையிடுவதற்காக ஏவுகணை காத்திருந்தது!

பலன் இல்லாமல் போகவில்லை. 2025 பிப்ரவரியில் ருசிகுல்யா கரையில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கெடுத்தார்கள். ஒரு காலத்தில் கல்கத்தா ரயிலேறிய ஜாதி அது.

புட்டியில் வந்த கடிதம்

சட்டத்துக்கு முன்னால் நடந்தவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமை பெறாது.

1970-களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவுகளில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். முட்டை திருடுகிறவர்களுக்கு முன்னால் இவர்கள் போய் எடுத்து, வேலி கட்டிய மணலில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். இந்தக் கூட்டத்தில் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். கிண்டி ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் படிக்க வந்தவர். படிப்பு பாதியில் நின்றது, நடை நிற்கவில்லை. 1977 முதல் இந்தியக் கடற்கரை, அந்தமான், லட்சத்தீவு என்று 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகவே நடந்து, எந்த ஆமை எந்தக் கரையில் ஏறுகிறது என்று முதன் முதலாகக் குறித்து வைத்தார்.

1982-ல் லட்சத்தீவைச் சேர்ந்த சுஹேலி என்ற ஆளில்லாத தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கினார். பேராமை முட்டையிடும் பருவம் அது. ஐந்து மாதங்கள் படகு வராது, தபால் வராது. மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். ஒரு மாதத்துக்குள் அந்தப் புட்டி இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் சேர்த்தார். கடிதம் போய்ச் சேர்ந்தது! சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். ஆமை பற்றிய நம் நாட்டின் சட்டங்களுக்கும் சரணாலயங்களுக்கும் அடியில் அவருடைய காலடித் தடம் இருக்கிறது.

அவர்கள் தொடங்கிய இரவு நடையை 1988 முதல் சென்னை மாணவர்களே ஒரு அமைப்பாகக் கூடி நடத்தி வருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. 2024-ல் தமிழ்நாட்டுக் கரையில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

நாடு விட்டு நாடு

அந்தப் புட்டி ஒரு பாடமும் சொல்கிறது. கடலுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. லட்சத்தீவில் விட்டது இலங்கையில் ஒதுங்குகிறது. ஆமையும் அப்படித்தான். ஒரிசாவில் முட்டையிட்டுவிட்டு, ஆந்திரக் கரையையும் நம் கரையையும் ஒட்டி இலங்கைப் பக்கம் போகிறது. ஒரு நாடு காப்பாற்றி இன்னொரு நாடு அறுத்தால் என்ன பயன்?

இதற்காகத்தான் சர்வதேச ஒப்பந்தங்கள் எழுந்தன. 1973 மார்ச் 3-ந் தேதி வாஷிங்டனில், அழிந்து வரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 'சைட்டிஸ்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இந்தியா 1976-ல் அதில் சேர்ந்தது. 7 கடலாமை வகைகளும் அதன் முதல் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, அவற்றையோ அவற்றின் ஓடு, தோல், இறைச்சியையோ வியாபாரத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பக் கூடாது. அழுங்காமையின் ஓட்டில் சீப்பும் மூக்குக் கண்ணாடிச் சட்டமும் செய்து விற்ற உலகச் சந்தைக்கு விழுந்த பூட்டு இது.

ஊர் விட்டு ஊர் போகும் பிராணிகளுக்காக 1979-ல் ஜெர்மனியின் பான் நகரில் இன்னொரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் கீழ், இந்து மகாசமுத்திரத்தையும் தென்கிழக்கு ஆசியாவையும் சேர்ந்த நாடுகள் கடலாமைக்கென்றே 2001-ல் தனி உடன்பாடு செய்து கொண்டன. இலங்கை முதலிலேயே சேர்ந்தது. இந்தியா 2007-ல் கையெழுத்திட்டது. இந்த உடன்பாடு யாரையும் தண்டிக்காது. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசவும், கணக்குகளைப் பகிர்ந்து கொள்ளவும் வழி செய்கிறது.

இரண்டு நாடுகள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்ஸிகோ உதாரணம். அங்கே ராஞ்சோ நுவோ என்ற கரையில் 1947-ல் எடுத்த ஒரு சினிமாப் படத்தில், ஒரே நாளில் ஏறிய ஆமைகள் 40,000 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கெம்ப்ஸ் ரிட்லி என்னும் வகை அது. நம் பங்குனி ஆமையின் சிற்றப்பன் மகன் என்று சொல்லலாம். 1985-ல் அதே ஜாதி இட்ட கூடுகள் வெறும் 702. மெக்ஸிகோவும் அமெரிக்காவும் சேர்ந்து கரையைக் காத்தன; முட்டைகளை டெக்ஸாஸ் கரைக்கும் கொண்டுபோய்ப் பொரித்தன; வலைகளையும் திருத்தின. 2017-ல் கூடுகள் 20,000-ஐத் தாண்டின. பேராமைக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. உலக அளவில் அது 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2025 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. சட்டத்தால் பயனில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில்.

வலைக்குள் ஒரு வாசல்

இனி, காலையில் நாம் கண்ட செத்த ஆமைக்கு வருவோம்.

விசைப் படகு இழுக்கும் மடி வலை, கடலின் அடியைத் துடைத்துக் கொண்டு போகும் ஒரு பெரிய பை. மூன்று நான்கு மணி நேரம் கூட இழுப்பார்கள். அதற்குள் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் தவிக்கும். சும்மா படுத்திருக்கும் ஆமை நெடுநேரம் மூச்சடக்கும். பயந்து திமிறும் ஆமையால் அது ஆகாது. வலையைத் தூக்கும்போது பெரும்பாலும் பிணம்தான். மீனவருக்கு அதனால் லாபம் ஒரு காசு இல்லை. திரும்பக் கடலிலேயே எறிந்துவிடுகிறார்.

இதற்கு மருந்து கண்டவர் ஒரு விஞ்ஞானி அல்ல, ஒரு மீனவர்! அமெரிக்காவில் ஜார்ஜியாக் கரையைச் சேர்ந்த சிங்கி பூன் என்பவருக்கு 1960-களில் ஜெல்லி மீன்களால் பெரிய தொல்லை. வலை நிறைய அதுவே அடைத்துக் கொண்டது. அதைத் தள்ள, வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினார். கம்பிகளுக்கு இடையே இறால் நுழைந்து பின்பக்கம் போய்விடும். பெரிய உருப்படிகள் சட்டத்தில் மோதி, மேலே வைத்த திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஜெல்லி மீன் போயிற்று. அதோடு ஆமையும் தப்பியது! இதைத்தான் ஆமை விலக்குக் கருவி என்கிறோம். 1987-ல் அமெரிக்கா தன் இறால் படகுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நம் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில் நுட்ப நிலையமும் நம் படகுகளுக்கு ஏற்றபடி ஒரு கருவியைச் செய்து கொடுத்திருக்கிறது.

இறால் வழக்கு

இந்தக் கம்பிச் சட்டம் ஒரு உலக வழக்கையே கிளப்பிற்று. 1989-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. ஆமையைக் காப்பாற்றும் கருவி இல்லாமல் பிடித்த இறாலை எந்த நாட்டிலிருந்தும் வாங்க மாட்டோம் என்பது அதன் சாரம். முதலில் பக்கத்து நாடுகளுக்கு மட்டும் இருந்த விதி, 1996 மே மாதம் முதல் எல்லா நாடுகளுக்கும் வந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய 4 நாடுகளும் சேர்ந்து உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தன. "எங்கள் கடலில் நாங்கள் எப்படி மீன் பிடிப்பது என்று நீங்கள் யார் சொல்ல?" என்பது வாதம்.

1998 அக்டோபர் 12-ந் தேதி ஜெனீவாவில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. இரண்டு பக்கமும் வெட்டும் தீர்ப்பு அது. ஆமையைக் காப்பாற்ற இறக்குமதிக்கு நிபந்தனை போடுவது தவறல்ல என்றது ஒரு பகுதி. ஆனால் அமெரிக்கா அதைச் செய்த விதம் பாரபட்சமானது என்றது மறு பகுதி. கரிபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் உதவியும் கொடுத்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்குக் கொடுத்தது நான்கே மாதம்! ஆகவே வழக்கில் வென்றது நாம். ஆனால் கொள்கையில் வென்றது ஆமை. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக் கொண்டது. சட்டம் அப்படியே நின்றது.

அதன் விளைவை நாம் பின்னர் அனுபவித்தோம். 2018-2019 காலத்தில் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்துவிட்டது. பண்ணையில் வளர்த்த இறாலுக்கு இந்தத் தடை இல்லை. அடி விழுந்தது படகு வைத்திருப்பவர்களுக்கே. பத்திரமாக அடுக்கி வைத்த கம்பிச் சட்டம் கரையில் இருந்தால் போதாது. வலையில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கருவியின் செலவு முழுவதையும் மத்திய, மாநில அரசாங்கங்கள் பகிர்ந்து ஏற்கும் திட்டமும் இப்போது இருக்கிறது.

நாட்காட்டியில் ஒரு இடைவெளி

2025 ஜனவரியில் சென்னைக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் 1,000-க்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அதிகாரிகள் ரோந்துப் படகுகளோடு கடலுக்குப் புறப்பட்டார்கள்.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்கு முறைச் சட்டம் 1983-ல் வந்தது. விசைப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆமை முட்டையிடும் இடங்களின் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மடி வலை கூடாது என்று தனி ஆணையும் உண்டு. தாய் ஆமைகள் கூடி நிற்பதும் இந்த எல்லைக்குள்தான். இறாலும் மீனும் அதிகம் கிடைப்பதும் இதே எல்லைக்குள்தான். இருட்டில் எந்தப் படகு எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. அது ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. மீன்கள் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை அது. ஆனால் பங்குனி ஆமை சென்னைக் கரைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆமைகள் வந்து, முட்டையிட்டு, சாக வேண்டியவை செத்து முடிந்த பிறகு படகுகள் ஓய்வு எடுக்கின்றன! சட்டத்தின் நாட்காட்டியும் ஆமையின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

மீனவரின் கணக்கு

அப்படியானால் தடையை முன்னாலும் நீட்டிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். காசிமேட்டில் ஒரு பெரியவரிடம் அதைக் கேட்டோம். வலையைச் சரி பார்த்துக் கொண்டே பதில் சொன்னார்: "தம்பி, ரெண்டு மாசம் சும்மா இருக்கறோம். இன்னும் மூணு மாசம் இருன்னா, ஆமை பொழைக்கும். எங்க வீட்டுல அடுப்பு?"

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆமையால் வரும் பெருமை நாட்டுக்கு; நஷ்டம் மட்டும் மீனவருக்கு என்றால் எந்தச் சட்டமும் கரையோடு நின்றுவிடும். தடைக்கால நிவாரணம் போல ஆமைக்காலத்துக்கும் ஈடு கொடுக்கலாம். இழுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். கருவியைப் பொருத்திய படகு கொண்டு வரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்யலாம். கோட்டுக்கு வெளியே ஒழுங்காகத் தொழில் செய்பவனையும், உள்ளே புகுந்து வாருபவனையும் ஒரே தட்டில் வைக்காமல், இரண்டாமவனை உடனே பிடித்தாலே பாதி ஆமை பிழைக்கும். கரையை ஒட்டிச் சின்ன வலை போடும் கட்டுமரக்காரர்களும் ஃபைபர் படகுக்காரர்களும் இதை வரவேற்பார்கள். ஏனெனில் விசைப் படகு உள்ளே வந்தால் ஆமைக்கு மட்டுமல்ல, அவர்கள் வலைக்கும் சேதம்.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாடு வேறு வழியைக் கண்டது. ஆஸ்டியோனல் என்ற கிராமத்தின் கரையில் பங்குனி ஆமைகள் அரிபாதாவாக ஏறுகின்றன. முதல் நாள் இட்ட முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டி உடைத்துவிடும். வீணாகப் போகும் அந்த முட்டைகளை எடுத்து விற்கும் உரிமையை 1987 முதல் கிராமத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கைம்மாறாக அவர்கள் கரையைச் சுத்தம் செய்கிறார்கள், திருடரை விரட்டுகிறார்கள், குஞ்சுகளைப் பறவைகளிடமிருந்து காக்கிறார்கள். சென்னைக் கரையில் அரிபாதா இல்லை. ஆகவே அந்த வழி நமக்குப் பொருந்தாது. ஆனால் அதன் தத்துவம் பொருந்தும். ஆமை உயிரோடு இருந்தால் எனக்கும் நன்மை என்று கரையில் வாழ்பவன் நினைக்க வேண்டும். அப்போது அமீனா வேண்டியதில்லை.

விளக்கை அணையுங்கள்

நமக்கும் ஒரு பங்கு உண்டு. குஞ்சு பொரித்ததும் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். கோடானுகோடி ஆண்டுகளாக இரவில் வெளிச்சமாக இருந்தது கடலின் விளிம்பு. இப்போது வெளிச்சம் சாலையில் இருக்கிறது; பங்களாவின் மொட்டை மாடியில் இருக்கிறது. குஞ்சுகள் திசை தப்பி ரோட்டுக்கு வந்து சக்கரத்தில் அரைபடுகின்றன. கடற்கரையில் வீடோ ஓட்டலோ வைத்திருப்பவர்கள் மாசி, பங்குனி, சித்திரை இரவுகளில் கடலைப் பார்த்த விளக்கை மட்டும் அணைத்தால், அது ஒரு சரணாலயத்துக்குச் சமம்.

கடைசியாக ஒரு காட்சி. பங்குனி மாதத்து மாலை ஒன்றில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காணப் போயிருந்தோம். கூடை சாய்ந்ததும், உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள் நூறு, வயிறு மணலில் தேய ஓடின. முதல் அலை பாதியைப் புரட்டிப் போட்டது. மறுபடி எழுந்து ஓடின. இரண்டாவது அலை எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டது. பக்கத்தில் நின்ற மீனவக் குடும்பத்துச் சிறுமி, கடைசியாகத் தங்கிவிட்ட ஒன்றைக் கைநீட்டி எடுக்கப் போனாள். "தொடாதடி, அது நடந்துதான் போவணும். அப்பத்தான் திரும்பி வர்றதுக்கு இந்த மணல் அதுக்கு நெனப்பிருக்கும்" என்றாள் தாய்.

அந்தக் குஞ்சு பிழைத்தால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து இந்தக் கரையைத் தேடி வரும். வரும் வழியில் 5 கடல் மைல் தூரத்துக்கு நாம் அதற்குப் பாதை விட வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது.